பித்தோன் தே நேஜ் ஏறுவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

ஊரிலிருந்து, இந்தியப் பெருங்கடலில் நாம் வாழும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்கு வரும் உறவினர்களை நாம் பெரும்பாலும் பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் எரிமலைக்குத்தான் அழைத்துப் போகிறோம். கார் எரிமலைப் பெரும்பள்ளத்தின் விளிம்புவரை போய்விடும், எரிமலையும் உயிரோடு இருக்கிறது. அதற்கு மூத்த எரிமலை பித்தோன் தே நேஜ். அது கடைசியாகக் குமுறிச் சுமார் 12,000 ஆண்டுகள் ஆகின்றன. உயரம் 3,071 மீட்டர். ஆனைமுடியே 2,695தான்!

இதில் ஏற கயிறும் கொக்கியும் தேவையில்லை. ஆனால் மேகம் எப்போது வரும் என்பதை வைத்துத்தான் இங்கே எல்லாத் திட்டமும்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மே முதல் அக்டோபர் வரை நல்லது. தைப்பூசக் காவடிக்கு வருகிறவர்கள் "அப்படியே மலையும் ஏறிவிடலாமே" என்பார்கள். வேண்டாம், அது புயல் காலம். 1966 ஜனவரியில் இந்தத் தீவின் ஃபொக்-ஃபொக்கில் 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ. மழை கொட்டியது, உலக சாதனை. சென்னையில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதே அவ்வளவு இல்லை. எந்த மாதமானாலும், பாதை திறந்திருக்கிறதா என்று வனத்துறையின் அறிவிப்பை முந்தின நாள் பாருங்கள்.

படி 2: இரவு தங்க இடம் பிடியுங்கள்

ஒரே நாளில் ஏறி இறங்குகிறவர்கள் உண்டு. முதல்முறைக்கு அது தண்டனை. கவேர்ன் துஃபூர் விடுதி சுமார் 2,480 மீட்டரில் இருக்கிறது. இங்கே குளிர்காலமான மே முதல் அக்டோபர் வரை சீக்கிரமே நிரம்பிவிடும் என்பதால் முன்பதிவு கட்டாயம். சைவம் என்றால் அப்போதே சொல்லிவிடுங்கள்.

படி 3: பையைக் கட்டுங்கள்

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். கடற்கரையில் பனியனோடு திரிகிற ஜூலையில், விடியற்காலை உச்சி உறைநிலையைத் தொடும். கம்பளிக் குல்லா, கையுறை, காற்றும் மழையும் புகாத மேல்சட்டை, தலையில் மாட்டும் டார்ச், மாற்றுப் பேட்டரி வேண்டும். தண்ணீர் ஆளுக்கு இரண்டு மூன்று லிட்டர். புளிசாதம் நன்றாகத் தாங்கும். அச்சார் ஊறுகாயையும் ஒரு டப்பியில் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: முதல் நாள், விடுதி வரை

கடலோரச் செயின்ட் லூயியிலிருந்து சிலாவோஸ் என்ற மலையூருக்குப் போகும் சாலையில் சுமார் 400 வளைவுகள் என்பார்கள். வாந்தி வருகிறவர்களை முன்சீட்டில் உட்காரவையுங்கள். ஊருக்குச் சற்று மேலே, லெ புளோக்கில் பாதை தொடங்குகிறது. அங்கிருந்து விடுதிக்கு ஏறக்குறைய 1,100 மீட்டர் ஏற்றம், மூன்று மணி நேரம்.

சிலாவோஸ், மஃபாத், சலாசி ஆகிய மூன்று பெரும் பள்ளங்கள் இந்த மலையைச் சுற்றி, சரிவிலும் அரிப்பிலும் உருவானவை. நீங்கள் ஏறுவது அந்தப் பள்ளம் ஒன்றின் சுவரில். அதனால்தான் தொடக்கத்திலிருந்தே கட்டையும் கல்லும் பதித்த படிகள். மூச்சு வாங்கச் சமதரை அதிகம் கிடைக்காது. பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். நண்பகலுக்கு முன்பே கிளம்பிவிடுங்கள்.

படி 5: இரண்டாம் நாள், உச்சி

மீதி சுமார் 600 மீட்டர், இரண்டு மணி நேரம். ஜூலையில் சூரியன் ஏழு மணிக்குச் சற்று முன் உதிக்கும். நாலரைக்குக் கிளம்பினால் போதும். ஆர்வத்தில் மூன்று மணிக்கே ஓடுகிறவர்கள் மேலே காற்றில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். செடிகள் குறைந்து கரும்பாறையும் சரளையுமாக மாறும்போது, பாறைகளில் பூசிய குறிகளை விட்டு விலகாதீர்கள்.

அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதம்தான். லேசான தலைவலி வரலாம். குமட்டலும் தள்ளாட்டமும் சேர்ந்தால் உச்சியை மறந்துவிட்டு இறங்குங்கள்.

வெயில் ஏறியதும் பள்ளங்களின் ஈரக்காற்று சூடாகி மேலெழும்; ஒன்பது பத்து மணிக்குள் மேகம் மூடிவிடுவது வழக்கம். ஆகவே படம் எடுத்தது போதும் என்று எட்டு மணிக்குள் புறப்படுங்கள்.

படி 6: இறக்கம்

பலரும் சறுக்குவது இங்கேதான். காலையில் 600 ஏறிவிட்டு, அப்புறம் 1,700 மீட்டர் இறங்க வேண்டும். முழங்காலுக்கு ஊன்றுகோல் இரண்டு எடுத்துப்போங்கள், ஈரமான கட்டைகளில் கால் வைக்காதீர்கள். விடுதியில் அரை மணி நேரமாவது உட்காருங்கள். யாருக்காவது அடிபட்டால் 112-ஐ அழைக்கலாம். எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது, ஆகவே எப்போது இறங்குவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.