ரெண்டு மூணு வயசு குழந்தைக்கு கதை படிக்கிறீங்களா, இப்படி செஞ்சு பாருங்க

படப் புத்தகத்தை நிறைய பேர் முதல் பக்கத்துல இருந்து கடைசி வரைக்கும் கடகடன்னு வாசிச்சு முடிச்சிடுறாங்க, அப்படி இல்லாம நடுநடுவுல நிறுத்தி "நாய்க்குட்டி ஏன் ஒளிஞ்சிருக்கு?"ன்னு கேளுங்க, கேட்டுட்டு கொஞ்ச நேரம் சும்மா இருங்க, இதுதான் கஷ்டம், பொறுமை இல்லாம நாமளே பதிலை சொல்லிடுவோம். குழந்தை "பயம்"னு ஒத்த வார்த்தை சொன்னாலும் போதும், "ஆமா, இடி சத்தம் கேட்டு பயந்துடுச்சு"ன்னு கொஞ்சம் நீட்டி திருப்பி சொல்லுங்க.

1988ல வைட்ஹர்ஸ்ட்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்டும் அவர் டீமும் இந்த மாதிரி படிக்க பெத்தவங்களுக்கு சொல்லிக் கொடுத்து டெஸ்ட் பண்ணாங்க, ஒரே மாசத்துல அந்த குழந்தைங்க பேசுறது மத்த குழந்தைங்களை விட நல்லா முன்னேறி இருந்துச்சு.

வார்த்தையை தப்பா சொன்னா "அப்படி இல்ல"ன்னு வெட்டாதீங்க, சரியான வார்த்தையை வச்சு நீங்க பேசிக்கிட்டே வந்தா மெல்ல பிடிச்சுக்கும். ஒரே புத்தகத்தை திரும்பத் திரும்ப கேட்டா (கேட்கும், நமக்கு மனப்பாடமே ஆயிடும்) சலிச்சுக்காம படிங்க, புது வார்த்தை பதியிறதே அப்படித்தான்.

எழுத்து எழுத வைக்கிற அவசரம்லாம் இந்த வயசுல வேணாம்னுதான் நான் சொல்வேன். பிரீ ஸ்கூல் தேடுறவங்களும் சுவர்ல ஒட்டின சார்ட்டை பாக்காம, டீச்சர் குழந்தை முகத்தை பாத்து பேசி, அது சொல்றதுக்கு காது கொடுக்கிறாங்களான்னு ஒரு பத்து நிமிஷம் நின்னு கவனிங்க.