ஹெல்த் கார்ட் வாடகை கட்டாது: கனடாவுக்குப் புதிதாக வந்து வேலை பார்ப்போருக்கு

நான் ரொறன்ரோவுக்கு வந்து 14ஆவது மாதம். பெப்ரவரிக் காலை, வேலைக்குப் போகும் அவசரத்தில் வாசற்படியில் கண்ணாடிபோல் உறைந்திருந்த பனியைக் கவனிக்கவில்லை. விழும்போது ஊன்றிய வலது கை மணிக்கட்டில் முறிந்தது. எக்ஸ்ரே, அறுவைச் சிகிச்சை, தையல் பிரிப்பு எல்லாம் அரசாங்க வைத்தியக் காப்புறுதி அட்டையான ஹெல்த் கார்டைக் காட்டியதோடு முடிந்தன. ஒரு சதம் கேட்கவில்லை. நல்ல நாட்டுக்கு வந்து சேர்ந்தோம் என்ற நிம்மதியோடு வீடு திரும்பினேன். முதலாம் திகதி வாடகை கட்டவேண்டி வந்தபோதுதான், வைத்தியச் செலவு வேறு, நின்றுபோன சம்பளம் வேறு என்பது உறைத்தது. கட்டட வரைபடம் வரையும் ஒப்பந்த வேலை, வரைந்தால்தான் பணம். 11 வாரம் கை அசையவில்லை. அக்காவிடம் கடன் வாங்கினேன். ஊரில் அம்மாவுக்கு அனுப்பும் பணம் மூன்று மாதம் நின்றது.

அதனால் புதிதாக வருகிறவர்களைக் கண்டால், ஆயுள் காப்புறுதியைப் பற்றிப் பேசுமுன் இயலாமைக் காப்புறுதியைப் பற்றிக் கேட்கிறேன். நோயாலோ விபத்தாலோ வேலை செய்ய முடியாதபோது சம்பளத்தின் ஒரு பகுதியை மாதாமாதம் தருவது அது. ஆங்கிலத்தில் டிசபிலிட்டி இன்சூரன்ஸ் என்பார்கள்.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளாதா என்று பலர் கேட்கிறார்கள். ஓரளவுக்குப் பார்க்கும். வேலைக் காப்புறுதியில், அதாவது ஈ.ஐ.யில், நோய்க்கால உதவி உண்டு. கடந்த 52 வாரங்களில் 600 மணிநேரம் வேலை செய்திருக்க வேண்டும். 2022 டிசம்பர் 18 முதல் இந்த உதவி 15 வாரத்திலிருந்து 26 வாரமாக நீண்டிருக்கிறது. சம்பளத்தில் 55 வீதம் தருவார்கள், ஆனால் அதற்கு உச்சவரம்பு உண்டு. 2025இல் அது வாரத்துக்கு 695 டொலராக இருந்தது. அந்தக் கணக்கில், வருடம் 90,000 டொலர் உழைக்கும் பொறியியலாளருக்கு மாதச் சம்பளம் 7,500, ஈ.ஐ.யில் கிடைப்பது ஏறக்குறைய 3,000, அதற்கும் வரி உண்டு. என்னைப்போல் சுயதொழிலாக ஒப்பந்தத்தில் வேலை செய்பவருக்கு, முன்கூட்டியே தாமாகச் சேர்ந்து 12 மாதம் ஆகியிருந்தாலன்றி அதுவும் இல்லை.

26 வாரத்துக்கு மேலும் எழும்ப முடியாவிட்டால்? கனடா ஓய்வூதியத் திட்டத்தில், அதாவது சி.பி.பி.யில், இயலாமை உதவி இருக்கிறது. ஆனால் பொதுவாகக் கடைசி ஆறு வருடங்களில் நான்கு வருடம் அதற்குப் பங்களிப்புச் செலுத்தியிருக்க வேண்டும். வந்து இரண்டு வருடமே ஆனவர் அந்தக் கணக்கில் எப்படிச் சேர்வார்? இங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு விரித்த பாதுகாப்பு வலையில் நமக்கு ஓட்டை விழுவது இந்த இடத்தில்தான். வேலைத்தலக் காப்புறுதி வேலையால் ஏற்பட்ட காயத்துக்கும் நோய்க்கும் மட்டுமே உதவும். வீட்டு வாசலில் விழுந்த எனக்கும், புற்றுநோய் வந்தவருக்கும் அது கைகொடுக்காது.

எனவே நிரந்தர வேலை கிடைத்ததும் நிறுவனத்தின் குழுக் காப்புறுதிக் கையேட்டைக் கேட்டு வாங்குங்கள். பல் வைத்தியத்துக்கு எவ்வளவு, கண்ணாடிக்கு எவ்வளவு என்று எல்லோரும் புரட்டுவார்கள். நீண்டகால இயலாமை என்ற பக்கத்தில் நில்லுங்கள். பெரும்பாலும் சம்பளத்தில் 60 முதல் 70 வீதம் தருவதாக இருக்கும். வேலையிலிருந்து நிறுத்தப்பட்டாலோ நீங்களே விலகினாலோ இந்தப் பாதுகாப்பும் முடிந்துவிடும். அந்தப் பக்கத்தில் இயலாமைக்கு எழுதியிருக்கும் வரைவிலக்கணத்தை இரண்டு முறை படியுங்கள். பல திட்டங்களில் முதல் இரண்டு வருடம் உங்கள் சொந்தத் தொழிலைச் செய்ய முடியாவிட்டாலே போதும். அதன் பிறகு எந்தப் பொருத்தமான வேலையையும் செய்ய முடியாதவராக இருக்க வேண்டும். கை நடுங்கத் தொடங்கிய பல் வைத்தியர் 25ஆவது மாதத்தில், உங்களால் வகுப்பறையில் பாடம் நடத்த முடியுமே என்ற கடிதத்தைப் பெறக்கூடும்.

சம்பளத் துண்டையும் பாருங்கள். நீண்டகால இயலாமைக்கான கட்டுப்பணம் முழுவதையும் நீங்களே கட்டினால், பின்னர் கிடைக்கும் உதவித்தொகைக்கு வரி இல்லை. நிறுவனம் கட்டினால் வரி உண்டு. மாதம் சில டொலர் மிச்சம் என்று மகிழுமுன் இந்த வித்தியாசத்தைக் கணக்குப் பாருங்கள்.

ஒப்பந்த வேலை செய்பவரும் சொந்தத் தொழில் நடத்துபவரும் தனிநபர் காப்புறுதியைத்தான் தேடவேண்டும். அது வேலை மாறினாலும் கூடவே வரும். வேலை செய்ய முடியாமல் போன பின் பணம் வரத் தொடங்கும்வரை காத்திருக்கும் காலம் 30 நாளிலிருந்து 120 நாள், அதற்கு மேலும் இருக்கலாம்; நீண்டால் கட்டுப்பணம் குறையும். மூன்று மாதச் செலவுக்குக் கையில் சேமிப்பு இருந்தால் 90 நாள் எடுப்பது நியாயமான வழி என்பது என் அபிப்பிராயம். உடல் நன்றாக இருக்கும்போதே விண்ணப்பியுங்கள். நம்மவர்களிடையே நீரிழிவு அதிகம். அது கண்டுபிடிக்கப்பட்ட பிறகு கேட்டால் கட்டுப்பணம் ஏறும், அல்லது மறுப்பார்கள். ஊரில் எடுத்த சிகிச்சையைச் சொல்லத் தேவையில்லை என்று யாராவது சொன்னால், அவர் முகவராக இருந்தாலும் மச்சானாக இருந்தாலும் கேட்காதீர்கள். மறைத்தது தெரிந்தால், காசு தேவைப்படும் நாளில் கோரிக்கையை நிராகரிப்பார்கள். ஒன்ராறியோவில் முகவருக்கு உரிமம் இருக்கிறதா என்பதை எஃப்.எஸ்.ஆர்.ஏ. என்ற ஒழுங்குபடுத்தும் அமைப்பின் இணையத்தளத்தில் பார்க்கலாம்.

மனச்சோர்வைப் பற்றி ஒரு வார்த்தை. புதிய நாடு, குளிர், தனிமை, ஊர்க் கவலை எல்லாம் சேர்ந்து வேலைக்குப் போகவே முடியாமல் ஆனவர்களை எனக்குத் தெரியும். வெளியில் தெரிந்தால் வெட்கம் என்று வைத்தியரிடம் போகாமல் இருந்துவிடுகிறார்கள். பல திட்டங்கள் மனநோயையும் இயலாமையாக ஏற்கின்றன, ஆனால் வைத்தியரின் பதிவு இல்லாமல் எதையும் நிரூபிக்க முடியாது. குடும்ப வைத்தியரிடம் போய், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

கோரிக்கையை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் காப்புறுதி நிறுவனத்துக்குள்ளேயே முறையிட வேண்டும். அதன் இறுதிப் பதிலும் திருப்தி தராவிட்டால் ஓ.எல்.எச்.ஐ. என்ற சுயாதீன முறையீட்டு அமைப்பிடம் கட்டணமின்றிப் போகலாம். அப்போது கையேடு, வைத்தியர் கடிதங்கள், தொலைபேசியில் பேசிய திகதிகள் எல்லாம் கேட்பார்கள். முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.