சேவைச் சங்கத்துக்குப் புதுத் தலைவரா? ஜூலை 1 வருவதற்குள் செய்ய வேண்டியவை

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் ரோட்டரியோ லயன்ஸோ, இல்லை அதே மாதிரி ஓர் உள்ளூர்ச் சேவைச் சங்கமோ, அடுத்த வருடத்துக்கு நீங்கள்தான் தலைவர் என்று முடிவாகிவிட்டால், வாழ்த்துச் சொல்ல வருகிறவர்கள் ஆளுக்கொரு யோசனையையும் கையோடு கொண்டு வருவார்கள். கண் முகாம், மரக்கன்று, கணினி வகுப்பு, முதியோருக்கு விருந்து, கடற்கரைத் துப்புரவு. எல்லாம் நல்ல யோசனைதான். எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் ஒன்றும் உருப்படாது.

ரோட்டரிக்கும் லயன்ஸுக்கும் வருடம் ஜூலை 1 தொடங்கி ஜூன் 30 முடிகிறது. பேருக்குத்தான் பன்னிரண்டு மாதம். டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி பாதி வரை யாரையும் பிடிக்க முடியாது, அதற்கு முன்னால் புரட்டாசி விரதம், தீபாவளி, பிள்ளைகளின் பரீட்சை, பிறகு தைப்பூசக் காவடி, அப்புறம் ஈஸ்டர். ஜூனில் எல்லோர் கண்ணும் அடுத்த தலைவர் மேல் போய்விடும். எட்டு மாதம் கிடைத்தால் பெரிய விஷயம். அதனால் ஒரே ஒரு பெரிய வேலை, இரண்டு சின்ன வேலை, அதுவும் நீங்கள் பதவியை விட்டு இறங்கிய பிறகும் நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. பத்துத் திட்டம் அறிவித்த தலைவர்களை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள், அதில் எத்தனை மறுவருடம் நடந்தது என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

முதலில் காகித வேலை

இது யாருக்கும் பிடிக்காது, ஆனால் ஏப்ரல், மே மாதத்திலேயே முடித்துவிட வேண்டியது. வங்கியில் கையெழுத்துப் போடுகிறவர்களை மாற்றுவதற்கு ஃபிக்கா என்ற பணமோசடித் தடுப்புச் சட்டப்படி அடையாள அட்டை, மூன்று மாதத்துக்குள் வந்த விலாசச் சான்று, புது நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தின் குறிப்பு எல்லாம் கேட்பார்கள், ஏதாவது ஒன்று குறைந்தால் மறுபடி வரச் சொல்வார்கள். இது முடியும் வரை பழைய பொருளாளர் கையெழுத்து இல்லாமல் ஒரு சென்ட் நகராது. அவர் ஜூலையில் பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஜோகன்னஸ்பர்க் போய்விட்டார் என்றால் உங்கள் முதல் நிகழ்ச்சிக்குக் கைக்காசுதான்.

அடுத்தது உறுப்பினர் பட்டியல். இரண்டு அமைப்புக்கும் தலைக்கு இவ்வளவு என்று சந்தா கட்ட வேண்டும், ஜூலையில் ஒரு தடவை, ஜனவரியில் ஒரு தடவை. இரண்டு வருடமாகக் கூட்டத்துக்கே வராதவர் பெயர் பட்டியலில் இருந்தால் அவருக்கும் சேர்த்துத்தான் சங்கம் கட்டுகிறது. ஜூன் மாதத்தில் அவருக்கு ஒரு போன் போட்டு, இருக்கிறீர்களா, போகிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். சிலர் அந்த ஒரு போனுக்காகவே திரும்பி வருவார்கள்.

சங்கம் சமூக மேம்பாட்டுத் துறையில் லாப நோக்கமற்ற அமைப்பாகப் பதிவானதா என்றும் பாருங்கள். 1997 சட்டப்படி கணக்கு வருடம் முடிந்து ஒன்பது மாதத்துக்குள் அறிக்கையும் கணக்கும் அனுப்ப வேண்டும். கணக்கு ஜூன் 30இல் முடிந்தால் மார்ச் 31 கடைசி நாள். விட்டுவிட்டால் பதிவே ரத்தாகலாம். கம்பெனிக்காரர்கள் நன்கொடைக்கு வரிச்சலுகை தரும் 18ஏ ரசீது கேட்பார்கள், அதைக் கொடுக்க சார்ஸ் என்ற வரித்துறையின் தனி அனுமதி வேண்டும், லாப நோக்கமற்ற பதிவு இருப்பதால் மட்டும் கொடுத்துவிட முடியாது. 2023 மார்ச் முதல் அந்த ரசீதில் நன்கொடையாளரின் அடையாள எண், வரி எண், தொடர்பு எண் போன்ற விவரங்களும் இருக்க வேண்டும், ஆகவே பணம் வாங்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு துரத்திக்கொண்டு அலைய முடியாது.

இன்னொன்று, சந்தாப் பணம் வேறு, ஊரிடம் வசூலித்த பணம் வேறு. இரண்டும் தனித்தனிக் கணக்கில் இருக்கட்டும். ஊர்ப்பணத்தில் பதவியேற்பு விருந்துக்கு ஒரு சமோசா வாங்கினாலும் தப்புதான்.

திட்டத்தை ஊரிடம் கேட்டுப் போடுங்கள்

நிர்வாகக் குழு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஊருக்கு என்ன தேவை என்று பேசுவதை விட, டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு பள்ளித் தலைமையாசிரியர், ஒரு கிளினிக் சிஸ்டர், ஒரு கோயில் கமிட்டிச் செயலாளர், ஒரு முதியோர் இல்ல மேட்ரன், இந்த நாலு பேரிடம் அரை அரை மணி நேரம் போய் உட்கார்ந்தால் போதும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்த மாதம் யாருமே வருவதில்லை?

மண்டேலா தினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை 18, நீங்கள் பதவி ஏற்று மூன்றாவது வாரம். அவர் பொதுவாழ்வில் கழித்த 67 வருடத்துக்காக 67 நிமிடம் சேவை என்று நாடே கிளம்பும். அன்றைக்கு முதியோர் இல்லத்துக்குப் போனால் வாசலில் உங்களுக்கு முன்னால் ஒரு வங்கிக்காரர்கள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு சூப்பர்மார்க்கெட் என்று டீசர்ட் போட்ட கூட்டம் நிற்கும், உள்ளே பாட்டிகளுக்குக் காலையிலிருந்து மூன்றாவது துண்டு கேக். மேட்ரனைத் தனியாகக் கேட்டால் பிப்ரவரியில் பெரியவர்களுக்கான டயப்பர் தீர்ந்துவிடும் என்பார். சரி, ஜூலை 18க்குப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அதைத் தவிர்க்க முடியாது, ஆனால் பணத்தைப் பிப்ரவரிக்கு எடுத்து வையுங்கள்.

பெரிய வேலைக்கு நான் சொல்வது பள்ளிக் காலணி. ஜனவரியில் பள்ளி திறக்கிற வாரம்தான் வீடுகளில் காசு மிகவும் நெருக்கடி, டிசம்பர்ச் செலவு அப்போதுதான் முடிந்திருக்கும், சீருடை, நோட்டு, கட்டணம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். ஆனால் ஜனவரியில் போய்ப் பட்டியல் கேட்டால் நேரம் போய்விட்டது. நவம்பரில், பள்ளி மூடுவதற்கு முன்னால், எந்தப் பிள்ளைக்குத் தேவை என்று வகுப்பாசிரியரே முடிவு செய்யட்டும், சங்கம் அதில் தலையிட வேண்டாம். ஒரு பழைய அட்டையில் பாதத்தை வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, பின்னால் பெயருக்குப் பதில் ஓர் எண் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போது ஓர் அளவு பெரிதாகவே வாங்குங்கள், பள்ளி திறப்பதற்குள் பிள்ளைகள் கால் கொஞ்சம் வளர்ந்திருக்கலாம், கொஞ்சம் தளர்வாக இருந்தால் தடித்த காலுறை போட்டுச் சமாளிக்கலாம், இறுக்கமாக இருந்தால் தூக்கித்தான் போட வேண்டும். கொடுப்பதும் ஆசிரியர் கையாலேயே, அலுவலக அறையில். மேடை போட்டு, பிள்ளையைக் கூப்பிட்டு, காலணியை உயர்த்திப் பிடித்துப் போட்டோ எடுக்கிற வழக்கத்தை யாராவது நிறுத்த வேண்டும், நீங்களே நிறுத்துங்கள். 2021 ஜூலை 1 முதல் முழுதாக அமலில் இருக்கும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும், போப்பியா என்று சொல்வார்களே, பிள்ளைகளின் தகவலை அவர்கள் பெற்றோர் சம்மதமில்லாமல் பரப்ப விடாது.

சின்ன வேலைக்கு ரத்ததான முகாம் நல்லது, ஏனென்றால் அதில் செலவு குறைவு. ரத்தம் எடுப்பது தேசிய ரத்த சேவையின் வேலை, மண்டபம், ஆள் திரட்டுவது, டீ பிஸ்கட் நம் வேலை. கொடுப்பவருக்கு எடை 50 கிலோவாவது இருக்க வேண்டும், ஒரு தடவை கொடுத்தால் 56 நாள் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம். இதை நாள்காட்டியில் வைத்துப் பாருங்கள்: அக்டோபர் முதல் வாரத்தில் முகாம் வைத்தால் அதே ஆட்கள் டிசம்பர் தொடக்கத்தில் திரும்ப வரலாம், விடுமுறையில் ரத்தத்துக்குத் தட்டுப்பாடு வரும் நேரம் அது.

பணம்

பிரியாணி விற்காமல் இங்கே எந்தச் சங்கமும் காசு சேர்த்ததில்லை, நீங்களும் விற்பீர்கள். ஒரு பெட்டி 90 ராண்ட், அடக்கம் 55 என்று வைத்துக்கொள்வோம். 300 பெட்டியும் போனால் லாபம் 10,500. அதில் 50 பெட்டி மிஞ்சினால் லாபம் 6,000 ஆகிவிடும். வித்தியாசம் முழுவதும் முன்பதிவில்தான் இருக்கிறது. சனிக்கிழமை விற்பனை என்றால் புதன் இரவோடு பதிவை மூடுங்கள், வியாழன் கறிக்குச் சொல்லுங்கள், பணம் வராத பெட்டிக்கு அரிசி போடாதீர்கள். யார் சொன்னாலும் சரி, "நான் வித்துடுவேன், நீங்க பண்ணுங்க" என்று சொல்லும் அங்கிளுக்கும் இதே சட்டம்தான். புரட்டாசியில் வைத்தால் காய்கறிப் பிரியாணி மட்டும்தான் போகும், மட்டன் விற்க வேண்டுமானால் விரதத்துக்கு முன்னாலோ பின்னாலோ வைத்துக்கொள்ளுங்கள்.

ராஃபிள் டிக்கெட் அடிக்கிறீர்கள் என்றால் நில்லுங்கள். பொதுமக்களுக்குக் குலுக்கல் டிக்கெட் விற்க தேசிய லாட்டரி ஆணையத்தில் பதிவு வேண்டும், நல்ல காரியத்துக்கு என்பதால் விதிவிலக்குக் கிடையாது.

ஆட்கள்

வாட்சப் குழுவில் "யார் யார் வருகிறீர்கள்?" என்று போட்டால் நாலு கட்டைவிரலும் இரண்டு கும்பிடும் வரும், ஆள் வராது. ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, குறிப்பாக ஒரு வேலை சொல்லிக் கேளுங்கள். "அக்கா, பதினாலாம் தேதி ஏழு மணிக்குப் பெட்டி மூடி போட நீங்கள் வரணும், பத்து மணிக்கு விட்டுடுவோம்." முடிகிற நேரத்தைச் சொன்னால் வருகிறவர்கள் கூடுவார்கள்.

பழைய தலைவர்களைப் பகைத்துக்கொள்ளவும் வேண்டாம், அவர்கள் சொன்னபடியே ஆடவும் வேண்டாம். ஒருவருக்கு ஒரு பொறுப்பு கொடுத்துவிட்டால் விமர்சனம் பாதி குறையும். இளைஞர்களைச் சேர்ப்பதானால் ரோட்டரிக்கு இன்டராக்டும் ரோட்டராக்டும், லயன்ஸுக்கு லியோவும் இருக்கின்றன. பிள்ளைகளோடு நேரடியாக வேலை செய்கிற பெரியவர்களுக்கு மட்டும் முப்பதாம் எண் படிவத்தைக் கொடுத்து, குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் இரண்டாம் பகுதியில், அதாவது பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியில்லாதவர்கள் பட்டியலில், பெயர் இல்லை என்று உறுதி வாங்குங்கள். "என்னையே சந்தேகப்படுறியா?" என்று கேட்பார்கள். முதல் படிவத்தை நீங்களே நிரப்பிக் காட்டினால் அந்தப் பேச்சு வராது.

கடைசியாக, வசூலில் ஒரு பகுதியைத் தொடாமல் வையுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் நிர்வாகக் குழுவைக் கூட்டித் தீர்மானம் போட யாருக்கும் நேரம் இருக்காது. யாரிடம் சாமான் ஏற்றுகிற பக்கி வண்டி இருக்கிறது, யார் வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கிற ஜோஜோ டேங்க், பெரிய தேக்சா யாரிடம், கேஸ் அடுப்பு யாரிடம் என்று ஒரே பக்கத்தில் எழுதி, ஐந்து பேர் போனில் இருக்கட்டும். தலைவர் எவ்வளவு வரை தனியாக முடிவெடுத்துச் செலவழிக்கலாம் என்பதையும் ஜூலைக் கூட்டத்திலேயே தீர்மானமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜனவரி முதல் அடுத்த தலைவரை உங்கள் கூட்டங்களில் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் மே மாதத்தில் காலணித் திட்டம் வேண்டாம், வேறு செய்யப்போகிறேன் என்று சொன்னால் சண்டை போடாதீர்கள். பள்ளித் தலைமையாசிரியருக்கு மட்டும் அப்போதே போன் போட்டுச் சொல்லிவிடச் சொல்லுங்கள், அவர் நவம்பரில் அட்டையும் பென்சிலுமாக உங்களுக்காகக் காத்திருக்கக் கூடாது.