பிஸ்டல் இறால், கோபி ஜோடி: சின்ன உப்புத்தண்ணீர் தொட்டியில் வளர்ப்பது எப்படி

கொடுக்கைப் படாரென்று மூடிச் சத்தம் எழுப்பும் பிஸ்டல் இறாலும் கோபி என்ற சின்ன மீனும் ஒரே வளையில் சேர்ந்து வாழும். இந்த ஜோடியை வளர்க்க ஆசைப்படுபவர்கள் மீனைத் தேடி அலைவதற்கு முன்னால் மணலை யோசித்துவிடுங்கள். இறாலுக்கு விடிந்ததிலிருந்து வளை தோண்டுவதும் வாசலைச் சுத்தம் செய்வதும்தான் வேலை. அந்த வளை இடியாமல் நிற்க வேண்டும் என்றால் ஒரே அளவான நைஸ் மணல் மட்டும் போதாது. நைஸ் மணலோடு கொஞ்சம் பருமனான மணல், உடைந்த பவளத்துண்டு, சின்னச் சின்னச் சிப்பி எல்லாம் கலந்து 5 முதல் 7 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போடுங்கள். பெரிய துண்டுகளை இறாலே பொறுக்கி எடுத்து வாசலுக்கும் கூரைக்கும் முட்டுக் கொடுத்துக்கொள்ளும்.

பாறைகளை மணல் போடுவதற்கு முன்பே, நேராகத் தொட்டியின் அடிக்கண்ணாடியில் படும்படி, ஆடாமல் வைத்துவிட வேண்டும். மணல் மேல் வைத்தீர்கள் என்றால் இறால் அடியில் தோண்டத் தோண்ட ஒருநாள் பாறை சரிந்து இறாலையே நசுக்கிவிடும், கண்ணாடிக்கும் ஆபத்து. முன்கண்ணாடியை ஒட்டி ஒரு தட்டையான கல்லை வைத்து, அதற்கு இரண்டு பக்கமும் சின்னக் கல்லால் தாங்கு கொடுத்து, அடியில் விரலால் ஒரு குழி பண்ணி வையுங்கள். அங்கேயே குடியேறும் என்று உத்தரவாதம் கிடையாது, ஆனால் குடியேறினால் வளைக்குள் நடப்பதெல்லாம் கண்ணாடி வழியே தெரியும்.

அடுத்தது ஜோடி. எல்லா பிஸ்டல் இறாலும் கோபியோடு சேராது, லைவ் ராக்கில் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடல் பாறையில்) ஒளிந்து வந்த ஏதோ ஒன்றை நம்பிக் காத்திருக்காதீர்கள். 40 லிட்டர் அளவிலான தொட்டிக்கு ராண்டால் பிஸ்டல் இறாலும் யாஷா கோபியும் அருமையான பொருத்தம், இரண்டுமே சின்னவை. டைகர் பிஸ்டல் இறாலும் மஞ்சள் வாட்ச்மேன் கோபியும் முரட்டு உடம்பு, சுலபமாகப் பிழைக்கும், புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் தொட்டி 75 லிட்டராவது இருக்கட்டும். ஒரே இனக் கோபி இரண்டை வாங்கினால், ஏற்கெனவே ஜோடி சேர்ந்தவையாக இல்லாவிட்டால், சின்ன இடத்தில் அடித்துக்கொள்ளும்.

தண்ணீர் விஷயம் வழக்கமானதுதான்: 24 முதல் 26 டிகிரி, உப்பு அடர்த்தி 1.025, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுத்தமாகப் பூஜ்ஜியம். சின்னத் தொட்டியில் தண்ணீர் ஆவியாகும்போது உப்பு அங்கேயே தங்கிவிடும், அதனால் எவ்வளவு தண்ணீர் குறைந்ததோ அவ்வளவு, உப்பு சேர்க்காத ஆர்ஓ தண்ணீரைத் தினமும் ஊற்றி ஈடுகட்டுங்கள். மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்துவிட்டதே என்று காப்பர் மருந்தை மட்டும் இந்தத் தொட்டியில் ஊற்றவே கூடாது, இறால் செத்துப்போகும். மருந்து எல்லாம் தனித்தொட்டியில்.

மூடி கண்டிப்பாக வேண்டும். கோபி பயந்தால் துள்ளும், பில்டர் குழாய் நுழையும் சின்ன இடைவெளி போதும் அதற்கு. வலை போட்ட மூடியாக இருந்தால் காற்றும் போகும்.

விடும் நாளில் விளக்கை அணைத்துவிட்டு, வாங்கி வந்த பைத் தண்ணீரில் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைக் கலந்து நிதானமாகப் பழக்குங்கள். உப்பு அளவு சட்டென்று மாறினால் மீனைவிட இறால்தான் முதலில் அடிபடும். பிறகு, நீங்கள் பண்ணி வைத்த குழிக்குப் பக்கத்திலேயே இரண்டையும் இறக்குங்கள், ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாக இறக்கினால் இன்னும் வசதி. சில ஜோடிகள் அன்றைக்கே சேர்ந்துவிடும், சிலதுக்கு வாரக்கணக்காகும். இறாலைக் காணோம் என்று பாறையைத் தூக்கிப் பார்க்காதீர்கள், கட்டிய வளை போய்விடும். வாசலில் மணல் இடம் மாறியிருந்தால் ஆள் உள்ளே இருக்கிறது.

சேர்ந்த பிறகு பொறுமையாக உட்கார்ந்து கவனியுங்கள். இறால் புல்டோசர் போல மணலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும், அப்போது அதன் மீசையில் ஒன்று கோபியின் உடம்பைத் தொட்டபடியே இருக்கும். இறாலுக்குக் கண்பார்வை மோசம், காவல் மொத்தமும் கோபியுடையது. ஆபத்து என்றால் கோபி வாலை லேசாகப் படபடவென்று ஆட்டும், அடுத்த நொடி இறால் உள்ளே. நிலைமை முற்றினால் கோபியும் தலைகுப்புறப் பாயும். நடுராத்திரியில் ‘டக்’ என்று சத்தம் கேட்டால் தொட்டி விரிசல் விட்டுவிட்டதோ என்று எழுந்து ஓடாதீர்கள். இறால் பெரிய கொடுக்கைப் படாரென்று மூடும்போது தண்ணீரில் ஒரு குமிழி உண்டாகி உடைகிற சத்தம் அது.

தீனி, உறைய வைத்த மைசிஸ் என்ற பொடி இறால் வகை. தண்ணீரைச் சுழற்றும் பவர்ஹெட் மோட்டாரைப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு, நீளமான பிப்பெட்டால் வாசல் பக்கம் கொஞ்சம் விடுங்கள், ஒன்றிரண்டு மூழ்கும் பெல்லட்டும் (தீனி உருண்டையும்) இறாலுக்குப் போய்ச் சேரட்டும். வெளியே இறால் செத்துக் கிடப்பது போலத் தெரிந்தால் பதறாமல் உற்றுப் பாருங்கள், பெரும்பாலும் அது உரித்துப் போட்ட வெறும் தோல். தோல் உரித்த இறால், புதுத் தோல் கெட்டியாகும் வரை வெளியே வராது.

ஹாக்ஃபிஷ், டாட்டிபேக், பெரிய ராஸ் மீன்கள் வேண்டாம், இறாலைத் தின்றுவிடும் அல்லது கோபியை விரட்டும். பவளம் வைப்பதாக இருந்தால் மணலில் வைக்காமல் பாறையின் மேல்பக்கம் ஒட்டிவிடுங்கள். கீழே வைத்தவற்றின் மேல் இறால் மணலைக் கொட்டிவிடும், இல்லையென்றால் சின்ன ஃப்ராக்கை (வெட்டி எடுத்த பவளத்துண்டை) தூக்கிப்போய் வாசலில் அடைத்துக்கொள்ளும்.