போனி எம் பாட்டை நம் குரலில் பாடுவது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

நத்தார் (கிறிஸ்துமஸ்) மாதம் வந்துவிட்டால் நம் இலங்கை மலையகத்தில், ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஏதாவது ஒரு கடை வாசலில் போனி எம் என்ற டிஸ்கோ குழுவின் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். அதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நம்மில் பலர். கேட்கிறதோடு நிற்காமல் நாமே பாடிப் பார்க்கலாமே என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டு மூன்று பேர், ஒரு கிட்டார் அல்லது கீபோர்ட், கையில் இருக்கிற போன், இவ்வளவு போதும். இசை படித்திருக்க வேண்டியதில்லை.

எதற்குப் போனி எம்?

எனக்குப் பிடித்த குழு என்பது முதல் காரணம். இன்னொரு பெரிய காரணமும் உண்டு. அவர்களே அடுத்தவர் பாட்டை எடுத்துத் தங்கள் பாட்டாக்குவதில் கெட்டிக்காரர்கள். 'சன்னி' பொபி ஹெப் 1966இல் பாடியது. 'நோ வுமன் நோ க்ரை' பொப் மார்லியின் பாட்டு. 'மா பேக்கர்' மெட்டு ஒரு துனீசிய நாட்டார் பாடலிலிருந்து வந்தது. 'பிரவுன் கேர்ள் இன் த ரிங்' கரீபியன் தீவுப் பிள்ளைகள் வட்டமாக நின்று விளையாடும்போது பாடுவது. இவ்வளவையும் எடுத்து, கேட்டவுடனே போனி எம் என்று சொல்லிவிடக்கூடிய ஒலியாக மாற்றினார்கள். கவர், அதாவது அடுத்தவர் பாட்டை நம் விதத்தில், பாடப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடைக்கமாட்டார்கள்.

குழுவைப் பற்றி ஒன்று தெரிந்திருப்பது நல்லது. மேடையில் லிஸ் மிட்செல், மார்சியா பாரெட், மெய்சி வில்லியம்ஸ், பொபி ஃபேரல் என்று நால்வர் நிற்பார்கள். ஒலிப்பதிவில் பாடியவர்கள் லிஸ்ஸும் மார்சியாவும்தான். அந்தக் கனத்த ஆண் குரல், குழுவை உருவாக்கிய ஜெர்மன் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபேரியனுடையது. அதே குரல்களை மேல் மேலாகப் பதிந்துதான் அந்த நிறைவான ஒலி வந்தது. அதனால் முதல் நாளே ரெக்கோர்டில் உள்ள மாதிரி வரவில்லையே என்று மனம் விட வேண்டாம். அது இரண்டு மூன்று பேர் ஒரே மூச்சில் பாடி எடுத்ததில்லை.

படி 1: பாட்டைத் தேர்வு செய்தல்

'ரஸ்புடின்' ஆடுவதற்கு அருமையான பாட்டு. ஆனால் வேகமும் சொற்களும் தொடக்கக்காரரைத் திணறடிக்கும். 'டாடி கூல்' முழுக்கத் தாளத்தில் நிற்கிறது, பேஸ் கிட்டார் இல்லாவிட்டால் வெறுமையாகிவிடும். என் தேர்வு 'ரிவர்ஸ் ஒஃப் பேபிலோன்'. மூன்றே கோர்ட் (சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடி), நிதானமான நடை, கூடிப் பாடுவதற்கென்றே அமைந்த மெட்டு. மிச்சப் படிகளை எல்லாம் இந்தப் பாட்டை வைத்தே சொல்கிறேன்.

படி 2: பாடுவதற்கு முன் கேட்பது

அவசரப்பட்டு இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். இயர்போன் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். ஒரு தடவை பேஸ், ஒரு தடவை ட்ரம்ஸ், ஒரு தடவை பின்னால் வரும் குரல்கள், கடைசியில் சொற்கள். கேட்டதைக் கொப்பியில் உங்களுக்குப் புரிகிற மாதிரி குறித்துக்கொள்ளுங்கள்: எங்கே எல்லோரும் சேர்கிறார்கள், எங்கே தனிக்குரல், எங்கே வாத்தியம் அடங்குகிறது.

அப்புறம் மூலப் பாட்டையும் தேடிக் கேளுங்கள். இது ஜமைக்காவின் த மெலோடியன்ஸ் குழு 1970இல் பதிந்த பாட்டு. எழுதியவர்கள் பிரென்ட் டவ், ட்ரெவர் மெக்நாட்டன். ஜமைக்காவில் தோன்றிய ரஸ்தபாரி என்ற சமய நம்பிக்கையோடு சேர்ந்த, அந்த நாட்டு ரெகே இசைப் பாட்டு அது. வரிகள் வேதாகமத்தின் 137ஆம், 19ஆம் சங்கீதங்களிலிருந்து வந்தவை. மூலத்தில் 'கிங் அல்ஃபாவின் (ரஸ்தபாரிகள் வணங்கும் எத்தியோப்பியப் பேரரசரின்) பாட்டு' என்று வருகிற இடத்தைப் போனி எம் 1978இல் 'கர்த்தரின் பாட்டு' என்று மாற்றியது. ரெகேயின் தள்ளாட்டமான நடையை டிஸ்கோ காலத்து நேர் நடையாக்கியது. மெட்டையும் கதையையும் தொடவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பது தானாக விளங்கும்.

சொற்களைக் கவனிக்கும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். பிறந்த மண்ணிலிருந்து கொண்டுபோகப்பட்ட சனம் ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஊரை நினைத்து அழுகிறது. பிடித்துக்கொண்டு போனவர்கள் பாட்டுப் பாடு என்று கேட்கிறார்கள். அந்நிய மண்ணில் எப்படிப் பாடுவது என்பதுதான் இவர்களின் கேள்வி. நம் பாட்டன் பூட்டன்கள் கடல் தாண்டி இந்த மலைக்கு வந்தவர்கள். இங்கே பிறந்து வளர்ந்தவர்களையே 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு அனுப்புவதற்காகத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற ரயிலுக்கு நம் சனம் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அந்தக் கோச்சியைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்து இந்தப் பாட்டைப் பாடுங்கள். குரலில் வித்தியாசம் தெரியும். துள்ளலான மெட்டுக்குள் இவ்வளவு துக்கம் இருக்கிறது என்று தெரிந்தவர் பாடுவதும் தெரியாதவர் பாடுவதும் ஒன்றல்ல.

படி 3: உங்கள் சுருதி

லிஸ் மிட்செலின் சுருதியில்தான் பாட வேண்டும் என்று சட்டமில்லை. வாத்தியம் இல்லாமல் முழுப் பாட்டையும் ஒரு தடவை பாடிப் பாருங்கள். மேலே தொண்டை இறுகினால் சுருதியைக் குறையுங்கள், கீழே குரல் காற்றாகப் போனால் கூட்டுங்கள். கோயில் பஜனையில் பாடிப் பழகியவர்களுக்குக் கட்டைக் கணக்கு தெரிந்திருக்கும்: ஒரு கட்டை சி, இரண்டு கட்டை டி, ஐந்து கட்டை ஜி. போனில் இலவசச் சுருதிப்பெட்டி செயலிகள் உண்டு. அதை மெதுவாக ஓடவிட்டுப் பாடினால் ஸ்தாயி கைவிட்டுப் போகாது. கிட்டாரில் சுருதி மாற்றக் கேப்போ (கழுத்தில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) ஒன்று வாங்கிக்கொண்டால் விரல் பிடியை மாற்றத் தேவையில்லை.

படி 4: மூன்று கோர்ட்

டி, ஏ, ஜி. இவ்வளவுதான். ஆக மெல்லிய கம்பியை முதலாம் கம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டம் என்பது கிட்டார்க் கழுத்தில் உலோகக் கோடுகளுக்கு இடையில் உள்ள இடம், தலைப்பக்கமிருந்து எண்ணுங்கள்.

டி: சுட்டுவிரல் மூன்றாம் கம்பியில் இரண்டாம் கட்டம், நடுவிரல் முதலாம் கம்பியில் இரண்டாம் கட்டம், மோதிரவிரல் இரண்டாம் கம்பியில் மூன்றாம் கட்டம்.

ஏ: நான்காம், மூன்றாம், இரண்டாம் கம்பிகள், மூன்றும் இரண்டாம் கட்டத்தில். நான்காம் கம்பிக்கு நடுவிரல், மூன்றாம் கம்பிக்குச் சுட்டுவிரல், இரண்டாம் கம்பிக்கு மோதிரவிரல். வேறு விரல்களில் பிடிப்பவர்களும் உண்டு. ஆனால் இந்தப் பிடியில் ஒரு வசதி இருக்கிறது. டியிலிருந்து ஏக்குப் போகும்போது சுட்டுவிரலைத் தூக்கவே வேண்டாம், அது ஏற்கெனவே சரியான இடத்தில் இருக்கிறது. மோதிரவிரலும் கம்பியை விடாமல் ஒரு கட்டம் பின்னுக்கு வழுக்கினால் போதும். நடுவிரல் மட்டும்தான் தாவுகிறது. இந்த ஒரு மாற்றத்தை, பாடாமல், கையைப் பார்க்காமல் செய்ய வருகிற வரைக்கும் பழகுங்கள். பாட்டின் பெரும்பகுதி இந்த இரண்டுக்கும் இடையில்தான் போய் வருகிறது.

ஜி: நடுவிரல் ஆறாம் கம்பியில் மூன்றாம் கட்டம், சுட்டுவிரல் ஐந்தாம் கம்பியில் இரண்டாம் கட்டம், மோதிரவிரல் முதலாம் கம்பியில் மூன்றாம் கட்டம். கொண்டுபோனவர்கள் பாட்டுக் கேட்கிற அந்தப் பகுதியில்தான் ஜி வரும்.

நம் மலைக் குளிரிலும் ஈரத்திலும் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடிந்ததும் காய்ந்த துணியால் துடைத்து வையுங்கள். ஒவ்வொரு முறையும் வாசிக்கத் தொடங்கும் முன் ட்யூனர் செயலியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: தாளம்

'தகதிமி' என்று வாயால் சொல்லிக்கொண்டே 'த'விலும் 'தி'யிலும் காலைத் தட்டுங்கள். கிட்டாரை 'க'விலும் 'மி'யிலும் மட்டும் சட்டென்று வெட்டி, உடனே அடிக்கிற கையின் ஓரத்தைக் கம்பிகளில் வைத்து ஒலியை நிறுத்துங்கள். அது மெலோடியன்ஸ் பக்கம், ரெகே. நாலிலும் ஒரே சீராக அடித்தால் போனி எம் பக்கம். முதலில் மெதுவாக, மெட்ரோனோமில் (தாளம் தட்டிக் காட்டும் செயலி) 80 வைத்துப் பழகுங்கள். தடுமாறாமல் முழுப் பாட்டும் வந்தால் மட்டும் வேகத்தைக் கூட்டலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வழி: தப்பு என்கிற பறை. ட்ரம்ஸ் செட் தேடி அலைய வேண்டாம். காமன் கூத்துக்கும் திருவிழாவுக்கும் தப்படிக்கிற ஒருவர் நம் தேயிலைத் தோட்டத்தில் இல்லாமலா போவார்? அவரைக் கூப்பிடுங்கள். மரியாதையோடு பாட்டைப் போட்டுக் காட்டி, "அண்ணே, இதுக்கு உங்க கையில என்ன வருது?" என்று கேளுங்கள். நீங்கள் சொல்லிக்கொடுக்கப் போகாதீர்கள். தனிக்குரல் வரும் இடத்தில் மெல்லிய குச்சியால் விளிம்பில் மட்டும், எல்லோரும் சேர்ந்து பாடும் இடத்தில் முழு அடி. இந்த ஏற்ற இறக்கம் வந்துவிட்டால் பாட்டு நம்முடையதாகிவிட்டது. பனி இறங்கினால் தோல் தளர்ந்துவிடும். தீயில் காட்டிச் சூடேற்ற அவருக்கு நேரம் கொடுத்த பிறகே தொடங்குங்கள்.

படி 6: இரண்டாம் குரல்

இங்கேதான் நம்மவர்கள் அதிகம் சிரமப்படுவார்கள். நாம் எல்லோரும் ஒரே ஸ்வரத்தில் சேர்ந்து பாடிப் பழகியவர்கள். இரண்டாம் குரல் கொஞ்ச நேரத்தில் முதல் குரலோடு போய் ஒட்டிக்கொள்ளும். அதற்கு ஒரு பயிற்சி: சங்கராபரண ராகத்தின் (மேற்கத்திய மேஜர் ஸ்கேல்) ஸ்வரங்களில் ஒருவர் 'ஸ ரி க ம ப' என்று ஏற, மற்றவர் அதே நேரத்தில் 'க ம ப த நி' என்று ஏறட்டும். பிறகு அப்படியே இறங்கட்டும். முதலாமவர் ஸவில் வந்து நிற்கும்போது மற்றவர் கவில் நிற்க வேண்டும். காதை மூடிக்கொள்ளாமல், ஒருவர் குரலை மற்றவர் கேட்டபடியே இது வர வேண்டும். வந்த பிறகு எல்லோரும் சேர்கிற பகுதிக்கு மட்டும் இரண்டாம் குரல் போடுங்கள். பாட்டு முழுக்கப் போட்டால் திகட்டும்.

கனத்த குரல் உள்ள ஒருவர் கிடைத்தால் கோர்டின் அடி ஸ்வரத்தை 'ம்ம்' என்று கீழே பிடித்துக்கொண்டிருக்கட்டும். பாட வராது, ஆனால் ஆட வரும் என்கிறவரையும் விட்டுவிடாதீர்கள். ரெக்கோர்டில் பாடாத பொபி ஃபேரல் ஆடியே அந்த மேடையைப் பிடித்து வைத்திருந்தார்.

படி 7: போனில் பதிவு

லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். விடிகாலையில் பெரட்டுக்கு (தோட்ட வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்) போகிறவர்கள் நேரத்தோடு தூங்க வேண்டும். ராத்திரிப் பயிற்சியைக் கோயில் மண்டபத்துக்கோ பாடசாலைக்கோ கொண்டுபோய்விடுங்கள். தகரக் கூரைக்குக் கீழே மழையில் பதிய முடியாது. பின்னேரம் மழை இறங்குகிற காலங்களில் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. பஞ்சு மெத்தை, போர்வை தொங்குகிற அறையில் எதிரொலி குறையும். போனைப் பாடுகிறவருக்கு முன்னால் மூன்று நான்கு அடி தூரத்தில், நெஞ்சு உயரத்தில் வையுங்கள். தப்பு அதைவிட நன்றாகத் தள்ளி இருக்கட்டும். பதிந்ததை உடனே கேட்காமல் அடுத்த நாள் கேட்டால் குறை நிறை தெளிவாகத் தெரியும்.

படி 8: மேடை

பாடசாலை விழா, நத்தார் கரோல், கல்யாண வீடு, எதுவானாலும் சரி. மைக்கை வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடியுங்கள். சேர்ந்து பாடும் இடத்தில் இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள். ஸ்பீக்கருக்கு நேரே மைக்கைக் காட்டினால் கூவும். கரண்ட் போனால் நிறுத்தாதீர்கள். தப்புக்கும் குரலுக்கும் கரண்ட் தேவையில்லை, சனமும் சேர்ந்து பாடும். பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்திருந்தால் 'பிரவுன் கேர்ள் இன் த ரிங்'கில் தொடங்குங்கள். அது அவர்களுக்கான பாட்டு.

இணையத்தில் போடுவதென்றால்

மெட்டுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். யூடியூபில் போட்டால் உரிமைக் கோரல் அறிவிப்பு வரலாம், அந்த வீடியோவின் விளம்பரப் பணம் அவர்களுக்குப் போகலாம். பயப்பட வேண்டியதில்லை, அது நியாயமும்கூட. அசல் ரெக்கோர்டைப் பின்னால் ஓடவிட்டு அதன் மேல் பாடாதீர்கள். வாத்தியம் முழுக்க உங்களுடையதாக இருக்கட்டும். விளக்கக் குறிப்பில் போனி எம் பெயரோடு டவ், மெக்நாட்டன் பெயர்களையும் மெலோடியன்ஸ் பெயரையும் எழுதுங்கள். தப்படித்த அண்ணனின் பெயரையும் அவரிடம் கேட்டுப் போடுங்கள். தமிழ் வரி எழுதிப் பாட ஆசை இருந்தால், நண்பர்கள் மத்தியில் பாடி மகிழலாம். வெளியிடுவதற்கு முன் உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

இது கைவந்த பிறகு அடுத்து 'மேரிஸ் போய் சைல்ட்' எடுங்கள். ஜெஸ்டர் ஹெயர்ஸ்டன் எழுதி, ஹாரி பெலபொன்டே 1956இல் பதிந்து, 1978இல் போனி எம் மறுபடி பாடிய நத்தார்ப் பாட்டு. அதற்கு இரண்டு குரல் போதாது, குறைந்தது நாலு பேர் வேண்டும். நத்தாருக்கு மேடை ஏறுவதென்றால் ஒக்டோபரிலேயே ஆட்களைச் சேர்த்துவிடுங்கள். டிசம்பர் வந்தால் கரோல் சுற்றில் யாரும் கையில் அகப்படமாட்டார்கள்.