மகிமையில் வீற்றிருக்கும் புனிதர்: முதல் எண்ணெய் ஓவியத்துக்கான படிகள்

மேகத்தின் மேல் புனிதர், சுற்றிலும் சம்மனசுகள் (வானதூதர்கள்). முதன்முதலாக இதை வரைந்தபோது புனிதரைச் சுற்றி மஞ்சளை அள்ளிப் பூசினேன். படம் பளிச்சென்று வந்தது, ஒளி வரவில்லை. பிரெஞ்சு ஓவியர் ழாக்-லூயி டாவிட் 1780இல் ரோமில் தீட்டிய புனித ரோக் ஓவியத்தைப் பார்த்த பிறகுதான் காரணம் புரிந்தது. மேலே மாதாவும் குழந்தையும், மண்டியிட்டு மன்றாடும் ரோக், கீழே கொள்ளைநோயில் விழுந்து கிடப்பவர்கள். சுற்றிலும் இருள் கனத்திருப்பதால்தான் வெளிச்சம் எடுபடுகிறது.

1. முதலில் காகிதத்தில் பென்சில். தலை உச்சியில், அங்கி அடியில் விரிய, உருவம் முக்கோணத்துக்குள் அடங்கட்டும். அசைவும் உணர்ச்சியும் மிகுந்த பரோக் பாணி ஓவியங்களைப் போல உடல் முறுக வேண்டாம். பழைய கிரேக்க, ரோமானியக் கலையைப் பின்பற்றும் நியோகிளாசிக்கல் பாணியில் உருவம் அமைதியாக இருக்கும், வெளிக்கோடு தெளிவாக இருக்கும். விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த மறைசாட்சி என்றால் கையில் குருத்தோலை. அங்கியின் மடிப்புகளை மனதிலிருந்து வரையாதீர்கள். ஒரு வேட்டியை நனைத்துப் பிழிந்து நாற்காலி மேல் போட்டு, இடப்பக்கம் ஒரே ஒரு விளக்கை வைத்து, பார்த்து வரையுங்கள். இதற்கு ஒரு முழு நாள் கொடுத்தாலும் தகும்.

2. பிரைமர் (அடிப்பூச்சு) அடித்த 40 × 50 செ.மீ. கேன்வாஸுக்குக் கோடுகளை மாற்றி, டர்பன்டைனில் கரைத்த பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு வண்ணத்தால் நிழல்களை மட்டும் மெல்லியதாகப் போடுங்கள்.

3. காய்ந்ததும் வெள்ளையும் கறுப்பும் கலந்த சாம்பல் நிறங்களிலேயே முழுப் படத்தையும் முடியுங்கள். பத்தடி தள்ளி நின்று பாருங்கள். புனிதரின் முகம் முதலில் கண்ணில் படாவிட்டால் முகத்தை வெளுக்காதீர்கள், மேகத்தை மங்கலாக்குங்கள். சுத்த வெள்ளை நெற்றிக்கும் தோளுக்கும் மட்டும்.

4. அது நன்றாகக் காய்ந்த பிறகு வண்ணம். இந்த அடுக்கில் ஆளிவிதை எண்ணெயைக் கொஞ்சம் கூட்டுங்கள். எண்ணெய் அதிகமான அடுக்கு மெதுவாகக் காயும். அது அடியில் போய்விட்டால் மேலே உள்ள அடுக்கில் வெடிப்பு விழும். தலைக்குப் பின்னால் வெள்ளை கலந்த யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), அப்புறம் ஓரங்களை நோக்கி நீலச் சாம்பல். தூரிகைத் தடம் தெரியாதபடி, உலர்ந்த மென்தூரிகையால் லேசாக நீவிவிடுங்கள்.

5. வார்னிஷ் ஆறு மாதம் கழித்துத்தான். எண்ணெய் துடைத்த துணிகளை மட்டும் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். அன்றன்றே தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வையுங்கள்.