எம்ஜி, ட்ரையம்ஃப், ஹெரால்டு: குமரி மாவட்டத்தில் பழைய காருக்கு எந்த ஆயில்?

1950 முதல் 1980 வரை வந்த பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் காரைக் குமரி மாவட்டத்தில் வைத்து ஓட்டுபவர்களுக்கு நேரடியான பதில்: 20டபிள்யூ-50 கிரேடு மினரல் ஆயில் (சிந்தெடிக் அல்லாத சாதாரண எஞ்சின் ஆயில்). ஜிங்க் போதுமான அளவு இருக்க வேண்டும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும். விலை கூடிய சிந்தெடிக் ஊற்றினால் எஞ்சின் நீண்ட நாள் உழைக்கும் என்ற எண்ணம் இந்த வண்டிகளுக்குப் பொருந்தாது. காரணம் தெரிந்தால், கடைக்காரர் எடுத்துத் தருவதை வாங்கி வராமல் வேண்டியதைக் கேட்டு வாங்கலாம்.

எம்ஜி, ட்ரையம்ஃப் ஆகிய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள் என்றதும் நம் ஊர் மெக்கானிக்குக் கைவராத வண்டி என்று பலர் பயப்படுகிறார்கள். 1955-ல் வந்த எம்ஜிஏவின் 1489 சிசி எஞ்சினும் நம் அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினும் பிரிட்டிஷ் கம்பெனியான பிஎம்சியின் ஒரே பி-சீரிஸ் குடும்பம். எம்ஜிபியின் 1798 சிசியும் அதே வழியில் வந்ததுதான். ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரின் எஞ்சினுக்கு மூலம், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டில் ஓடிய 948 சிசி எஞ்சினின் குடும்பம். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ அம்பாசடரும் ஹெரால்டும் பிரித்துப் பூட்டிய கை இந்த எஞ்சின்களை நன்றாகவே அறியும். கீழே சொல்வதில் பெரும்பகுதி அம்பாசடர், ஹெரால்டு, பத்மினி வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும்.

டப்பாவில் உள்ள எண்கள்

டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கானது. 20டபிள்யூ ஆயிலைச் சோதிப்பது மைனஸ் 15 டிகிரியில். நம் சமவெளியில் மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். ஆகவே 0டபிள்யூ, 5டபிள்யூ என்று கூடுதல் பணம் கொடுப்பதில் நமக்குக் குளிர் சார்ந்த பயன் எதுவும் இல்லை.

பின்னால் இருக்கும் எண்தான் நமக்கு முக்கியம். அது 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கனமாக நிற்கிறது என்பதைச் சொல்கிறது. 30 கிரேடு என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (ஆயிலின் கனத்தை அளக்கும் அலகு), 40 என்றால் 12.5 முதல் 16.3, 50 என்றால் 16.3 முதல் 21.9. பழைய எஞ்சினில் கிராங்க் பேரிங்குக்கு நடுவே விட்ட இடைவெளி இன்றைய கார்களைவிட அதிகம், ஆயில் பம்பும் அதற்கேற்ப அமைந்தது. அதில் 5டபிள்யூ-30 ஊற்றினால் ஆரல்வாய்மொழி கணவாயில் ஆடிக் காற்றை எதிர்த்து ஏறி வந்து சிக்னலில் நிற்கும்போது பிரஷர் முள் கீழே கிடக்கும்.

அந்த முள்ளை நம்பிப் பழகுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது பொதுக் கணக்கு. எம்ஜிபிக்கு ஓட்டத்தில் 50 முதல் 80 பிஎஸ்ஐ, ஐடிலில் 10 முதல் 25. நல்ல 20டபிள்யூ-50 இருந்தும் ஐடிலில் 10-க்குக் கீழே போனால் முதலில் வேறொரு மெக்கானிக்கல் கேஜ் மாட்டி அளவு சரியா என்று பாருங்கள். அளவு சரிதான் என்றால் பேரிங், பம்ப், ரிலீஃப் வால்வு ஆகியவற்றைத் திறந்து பார்க்க வேண்டிய நேரம் அது. 60 கிரேடு ஊற்றி முள்ளை மட்டும் ஏற்றிவிடுவது வியாதியை மறைப்பது. கனமான ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும், பிரஷர் கூடும், ஆனால் பேரிங் வழியாகப் பாயும் அளவு குறையும். பாய்ச்சல்தான் பேரிங்கைக் குளிர வைக்கிறது.

புகைக்கும் இதே கதைதான். கீரிப்பாறை இறக்கத்தில் கால் எடுத்து இறங்கி, திரும்ப ஆக்ஸிலேட்டர் மிதித்ததும் நீலப் புகை வந்தால் வால்வு கைடு. ஏற்றத்தில் இழுக்கும்போது தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங். இரண்டையும் எந்த ஆயிலும் சரி செய்யாது.

ஜிங்க் ஏன் வேண்டும்

இந்த எஞ்சின்களில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டின் மேடும், அது தள்ளும் தட்டையான டேப்பட்டின் முகமும் உராய்ந்துகொண்டே சுற்றுகின்றன. இன்றைய எஞ்சின்கள் பலவற்றில் இருக்கும் ரோலர் இதில் இல்லை. உரசும் இடம் மிகச் சிறியது, அழுத்தமோ மிகப் பெரியது. ஆயில் படலம் அறுபடும் அந்தக் கணத்தில் உலோகத்தைக் காப்பது ஜிங்க்-பாஸ்பரஸ் சேர்மம். மெக்கானிக்குகளும் ஆயில் கம்பெனிகளும் இசட்டிடிபி என்று சொல்வது இதைத்தான்.

இந்தப் பாஸ்பரஸ் சைலன்சரில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். அதனால் 2004-ல் வந்த ஏபிஐ (அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட்) எஸ்எம் தரம் முதல், 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய கிரேடுகளில் அதற்கு 0.08 சதவீதம் என்ற உச்சவரம்பு வைத்தார்கள். பலர் கவனிக்காத விஷயம், 20டபிள்யூ-50க்கு அந்த வரம்பு இல்லை என்பது. அடுத்த தரமான எஸ்என் என்று போட்ட 20டபிள்யூ-50லும் போதுமான ஜிங்க் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம். தர எழுத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கம்பெனியின் தொழில்நுட்பத் தாளை இணையத்தில் எடுத்து, பாஸ்பரஸ் 0.10 முதல் 0.13 சதவீதம் (1000 முதல் 1300 பிபிஎம்) இருக்கிறதா என்று பாருங்கள். தாளில் அந்த எண்ணே இல்லை என்றால் கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள்.

அப்படி ஆயில் கிடைக்காதபோது ஜப்பானிய பைக் ஆயில் தரமான ஜாசோ எம்ஏ முத்திரையுள்ள ஃபோர் ஸ்ட்ரோக் பைக் ஆயில் 20டபிள்யூ-50 நல்ல மாற்று. அந்தத் தரம் பாஸ்பரஸை 0.08-க்கும் 0.12-க்கும் நடுவே வைக்கச் சொல்கிறது. நல்ல ஜிங்க் உள்ள ஆயிலில் மேலும் ஒரு பாட்டில் ஜிங்க் அடிட்டிவ் கலப்பது தேவையில்லாத வேலை. அளவு மீறினால் அதுவே உலோகத்தை அரிக்கத் தொடங்கும்.

கேம் தேய்கிறதா என்று அறிய எளிய வழி டேப்பட் கேப், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளி. எம்ஜிபிக்குக் குளிர்ந்த நிலையில் 15 தவ் (ஒரு தவ் என்பது இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.38 மில்லிமீட்டர். ஸ்பிட்ஃபயருக்கு 10 தவ், 0.25 மில்லிமீட்டர். வைத்து 1000 கிலோமீட்டருக்குள் ஒரே ஒரு வால்வில் மட்டும் கேப் மறுபடி மறுபடி கூடினால் அந்த மேடு கரைகிறது.

சிந்தெடிக் பற்றி ஒரு வார்த்தை. இன்றைய சிந்தெடிக் ரப்பர் சீலைத் தின்றுவிடாது. ஆனால் எம்ஜிஏவிலும் முதல் எம்ஜிபிகளிலும் கிராங்கின் பின்பக்கத்தில் ரப்பர் சீலே கிடையாது, ஆயிலைத் திருப்பித் தள்ளும் மரை மட்டும்தான். அங்கே ஒழுகுவது இயல்பு, மெல்லிய ஆயில் இன்னும் ஒழுகும். எப்படியும் ஆண்டுக்கு ஒரு முறை வடிக்கப் போகும் ஆயிலுக்கு மூன்று மடங்கு விலை கொடுப்பது வீண்.

ஈரமும் குறுகிய ஓட்டமும்

குமரியில் ஆயிலைக் கெடுப்பது வெயிலைவிட ஈரம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இங்கே பெய்கின்றன. வடசேரியில் எடுத்து கோட்டாறில் நிறுத்தினால் ரேடியேட்டர் சூடாகியிருக்கும், ஆயில் சூடாகியிருக்காது. எரிந்த பெட்ரோலின் நீராவி, எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்பில் படிந்து, ஆயில் மூடிக்கு அடியில் வெள்ளைப் பாலாடை போலச் சேரும். எதனால் வந்தது என்று தெரியாமல் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று எஞ்சினைப் பிரிக்க வேண்டாம். 30 கிலோமீட்டர் நிற்காமல் ஓட்டிவிட்டு மூடியைத் துடைத்துப் போடுங்கள். திரும்பச் சேராமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறையாமல் இருந்தால் வெறும் ஈரம்தான். ஆயில் ஸ்டிக்கிலேயே பால் நிறம் தெரிந்தால், அல்லது தண்ணீர் குறைந்தால், கேஸ்கட்.

வண்டியை எடுக்கும் நாளில் நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரிக்கோ திற்பரப்புக்கோ போய் வாருங்கள். அது ஆயிலுக்கு நல்ல மருந்து.

எஞ்சின் பக்கவாட்டில் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் இருக்கும் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் வண்டிகளில் இன்னொரு ஆபத்து உண்டு. பம்பின் பழைய ரப்பர் டயாஃப்ரம், எத்தனால் 20 சதவீதம் கலந்த இன்றைய பெட்ரோலில் கெட்டுக் கிழிந்தால் பெட்ரோல் நேராகச் சம்புக்குள் இறங்கும். ஸ்டிக்கில் ஆயில் அளவு தானாகக் கூடியிருந்தால், முகர்ந்து பார்த்தால் பெட்ரோல் வாடை வந்தால், ஸ்டார்ட் செய்யாதீர்கள். எத்தனாலைத் தாங்கும் டயாஃப்ரம் போட்டு, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகே ஓட்டுங்கள்.

மாற்றும் கணக்கு: 5000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அது. டவுனுக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு ஆறு மாதம். மழைக்காலம் முழுதும் மூடி வைக்கப் போகிறீர்கள் என்றால் மே மாதத்தில், மூடுவதற்கு முன்பு மாற்றுங்கள். பழைய ஆயிலில் சேர்ந்த அமிலமும் நீரும் மாதக்கணக்கில் பேரிங்கில் உட்காரக் கூடாது.

மாற்றும் முறை

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி, சூட்டோடு வடியுங்கள். கால் மணி நேரமாவது சொட்டவிடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவும் பழக்கம் வேண்டாம். அது முழுதும் வடியாது, மிச்சம் புது ஆயிலை நீர்க்கச் செய்யும். எம்ஜிபியின் ஆயில் வடிக்கும் பிளக்குக்குச் செம்பு வாஷர் புதிதாகப் போடுங்கள். ஸ்பிட்ஃபயர் பிளக் கூம்பு மரை, அதற்கு வாஷர் கிடையாது. வெறி கொண்டு இறுக்கினால் மரை போய்விடும்.

டப்பா வகை ஃபில்டர் உள்ள பழைய எம்ஜிகளில் தவறு நடப்பது ரப்பர் வளையத்தில்தான். பழைய வளையம் பள்ளத்துக்குள்ளேயே ஒட்டிக் கிடக்கும், அது தெரியாமல் மேலே புதியதை வைத்து இறுக்குவார்கள். பிரஷர் ஏறியதும் ஆயில் பீய்ச்சி அடிக்கும். கூர்மையான கம்பியால் பழையதைத் தோண்டி எடுத்து, பள்ளத்தைத் துடைத்த பிறகு புதியதைப் பதியுங்கள். ஸ்பிட்ஃபயரில் நின்ற வண்டியின் ஃபில்டரில் இருந்து ஆயில் வடிந்து, காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி கடகடவென்று சத்தம் வரும். வடியாமல் தடுக்கும் வால்வு உள்ள ஃபில்டரைக் கேட்டு வாங்கினால் அது நின்றுவிடும்.

5 லிட்டர் டப்பா வாங்குங்கள். முதலில் 3 லிட்டர் ஊற்றி, பிறகு ஸ்டிக்கைப் பார்த்துப் பார்த்துச் சேருங்கள். காயிலுக்கு வரும் மெல்லிய ஒயரைக் கழற்றிவிட்டு, பிரஷர் முள் எழும் வரை பத்துப் பத்து நொடியாக ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். ஒயரை மாட்டி, இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து மேல் கோடு வரை நிரப்புங்கள். கோட்டைத் தாண்டினால் கிராங்க் அடித்து நுரைக்கும், பின் சீலில் ஒழுகும்.

எடுத்த ஆயிலைக் குளத்திலோ ஓடையிலோ விடாதீர்கள். டப்பாவில் அடைத்து, பழைய ஆயில் எடுக்கும் உரிமம் பெற்றவர்களுக்குக் கொடுக்கும் ஒர்க் ஷாப்பில் ஒப்படையுங்கள்.

எஞ்சினுக்கு வெளியே

எம்ஜிபி கியர் பாக்ஸுக்கும் ஓவர்டிரைவுக்கும் அதே 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயில்தான். கியர் ஆயில் ஊற்றாதீர்கள். ஸ்பிட்ஃபயர் கியர் பாக்ஸுக்கு 80டபிள்யூ-90 கியர் ஆயில், ஜிஎல்-4 என்று டப்பாவில் இருக்க வேண்டும். ஜிஎல்-5ல் உள்ள கந்தகச் சேர்மம் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும். பின் ஆக்ஸிலுக்கு ஜிஎல்-5 சரி. எஸ்யூ கார்புரேட்டரின் மேல் குப்பியில் 20டபிள்யூ-50 போதும், உள்ளே தெரியும் குழலின் மேல் விளிம்புக்கு 13 மில்லிமீட்டர் மேலே வரை.

ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்கள் முன் சக்கரத்தின் கீழே இருக்கும் ட்ரன்னியன் என்ற திரும்பும் மூட்டை மறக்கவே கூடாது. அதற்கு 90 கிரேடு கியர் ஆயில்தான் போக வேண்டும், கிரீஸ் அல்ல. நிப்பிள் இருப்பதைப் பார்த்து ஒர்க் ஷாப்பில் பழக்கத்தில் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் மரைக்குள் முழுதும் இறங்காது, மழைநீர் உள்ளே நின்று இரும்பு துருப்பிடிக்கும், ஒருநாள் திருப்பத்தில் முறிந்து சக்கரம் மடங்கிவிடும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். கிரீஸ் கன் ஒன்றைத் தனியாக இதற்கென்றே வைத்து, கியர் ஆயில் நிரப்பி, மேலே கசியும் வரை அடியுங்கள். மழைக்கு முன் ஒரு தடவை, மழை முடிந்து தை மாதத்தில் ஒரு தடவை.